வேலூரிலிருந்து வெளிநாட்டு மாரத்தான்: நண்பர்கள் சேர்ந்து ஓட எந்த ஊர் ஏற்றது?

போன ஞாயிறு காலை ஆறரை மணி. கோட்டை அகழியோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டிக்கொண்டிருந்தேன். நால்வர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒன்றரை ஆண்டாக என்னோடு பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி வரை ஓடுகிறவர்கள்தான். ஒருவர் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியர். ஒருவர் பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் செய்யும் பாய். இன்னொருவர் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அக்கா. நான்காமவர் மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சார்.

"அடுத்த வருடம் நான்கு பேரும் சேர்ந்து வெளிநாட்டில் ஒரு மாரத்தான் ஓடுவது என்று முடிவு செய்துவிட்டோம் அண்ணா. சிங்கப்பூரா, பினாங்கா, டோக்கியோவா, பெர்லினா என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி" என்றார் ஆசிரியர். சார் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். சென்னையில் அவர் ஓடிய ஒரே முழு மாரத்தானை, அதாவது 42.195 கிலோமீட்டரை, 6 மணி 20 நிமிடத்தில் முடித்தவர் அவர். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை இரண்டு மூன்று குழுக்கள் என்னிடம் கேட்டுவிட்டன. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உரைகற்கள்

ஊரின் புகழை வைத்துத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். நான் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? குழுவில் மெதுவாக ஓடுகிறவர் கால வரம்புக்குள் முடிப்பாரா? பயிற்சிக்கான நான்கு மாதங்களும் வேலூரில் எந்தப் பருவத்தில் வருகின்றன? போட்டி தொடங்கும்போது நம் உடம்புக்கு என்ன மணி? கடைசியாக, விளம்பரத்தில் சொல்லாத செலவு எவ்வளவு?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாரத்தானுக்குக் குறைந்தது 16 வாரம் முறையான பயிற்சி வேண்டும். பந்தயம் ஒரு நாள் வெளிநாட்டில். பயிற்சி நூறு நாளுக்கு மேல் இங்கே, வெயிலூர் என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் இந்த ஊரில். பெர்லின் செப்டம்பர் கடைசியில் வருகிறது. பின்னோக்கி எண்ணினால் ஜூன் தொடக்கத்தில் பயிற்சி தொடங்க வேண்டும். கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் 28, 30 கிலோமீட்டர் ஓட்டங்களை அதிகாலை 3.30 மணிக்குத் தொடங்கினால்தான் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். அந்த நேரத்தில் கொணவட்டம் பக்கம் நாய்த் தொல்லை இருக்கிறது. நெடுஞ்சாலையோரம் லாரிகள் பறக்கும். அக்கா போன்றவர் அந்த நேரத்தில் தனியாக ஓடக் கூடாது. குழுவாகத்தான் ஓட வேண்டும்.

டோக்கியோ இதற்கு நேர் எதிர். மார்ச் முதல் ஞாயிறு பந்தயம் என்றால் பயிற்சி நவம்பர் நடுவில் தொடங்கி மார்கழி, தை, மாசி என்று போகும். வள்ளிமலை சாலையில் பனி படிந்த காலையில் 30 கிலோமீட்டர் ஓடியவர்களுக்குத் தெரியும், நம் ஊரில் ஓடுவதற்கென்றே அமைந்த மாதங்கள் அவைதான். ஆனால் நம் வாழ்க்கையின் மற்ற ஏற்பாடுகளும் அதே மாதங்களில்தான் குவிகின்றன. சபரிமலைக்கு மாலை போட்டு வெறுங்காலில் நடப்பவர் குழுவில் இருந்தால் கார்த்திகை, மார்கழிப் பயிற்சி பாதியாகிவிடும். 2027-இல் ரமலான் நோன்பு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை வருகிறது. பாய்க்குக் கடைசி நான்கு வாரமும் பந்தய நாளும் நோன்புக்குள்தான். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் தொடக்கத்தில் வரும் என்பதால் ஆசிரியருக்கு விடுப்பு கிடைப்பது மிகக் கடினம்.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பயிற்சி. முதல் பாதி புழுக்கம், பின் பாதி வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதே, அதுபோல் ஒரு வாரம் அமைந்தால் நீண்ட ஓட்டம் ஒன்று போய்விடும். அதற்கு முன்கூட்டியே இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டால் போதும். இந்த இரண்டு ஊர்களின் வானிலைக்கு அந்தப் புழுக்கமே நல்ல ஒத்திகை.

நான்காவது கேள்விக்குக் கீழே உள்ள அட்டவணை. சமீப ஆண்டுகளின் தொடக்க நேரங்களை வைத்துக் கணக்கிட்டது.

| ஊர் | போட்டி | வேலூரில் பயிற்சி | அங்கே தொடக்கம் | அப்போது நமக்கு மணி |
|---|---|---|---|---|
| சிங்கப்பூர் | டிசம்பர் தொடக்கம் | ஆகஸ்ட் – நவம்பர் | அதிகாலை 4.30 | நள்ளிரவு 2.00 |
| பினாங்கு | நவம்பர் இறுதி அல்லது டிசம்பர் | ஆகஸ்ட் – நவம்பர் | நள்ளிரவு 1.30 | முந்தின இரவு 11.00 |
| டோக்கியோ | மார்ச் முதல் ஞாயிறு | நவம்பர் – பிப்ரவரி | காலை 9.10 | விடிகாலை 5.40 |
| பெர்லின் | செப்டம்பர் கடைசி | ஜூன் – செப்டம்பர் | காலை 9.15 | பகல் 12.45 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். டோக்கியோவில் துப்பாக்கி வெடிக்கும் நேரம், நாம் தினமும் கோட்டையருகே ஓடத் தொடங்கும் நேரம். உடம்பைப் பழக்க வேண்டிய வேலையே இல்லை. சிங்கப்பூர்தான் மோசம்: ஆழ்ந்து தூங்கும் இரண்டு மணிக்கு ஓடச் சொல்கிறது. அதற்கு மூன்று நாள் முன்பே போய் இறங்க வேண்டும். அந்த மூன்று நாள் அறை வாடகையும் கணக்கில் ஏறும். பினாங்கு பார்க்கப் பயமாக இருந்தாலும், இந்திய நேரத்திலேயே இருந்து, மதியம் ஒரு தூக்கம் போட்டு, இரவு பதினொரு மணிக்கு ஓடுவதாக நினைத்துக்கொண்டால் பெரிய சிரமமில்லை.

சிங்கப்பூர்

குலுக்கல் இல்லை. பணம் கட்டினால் இடம். முழு மாரத்தான், அரை மாரத்தான், 10 கிலோமீட்டர் எல்லாம் இருப்பதால் குழுவில் யாரும் விடுபட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து நேரடி விமானம், நான்கரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸில் பந்தயத்துக்கு முந்தைய நாள் இட்லி சாப்பிடலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனாலும் கவலை இல்லை.

நான் மூன்று நண்பர்களோடு ஓடிய முதல் வெளிநாட்டு மாரத்தான் இதுதான். வெப்பமானியில் 26 டிகிரி. வேலூரில் 26 டிகிரி என்றால் குளிர்காலம் என்போம். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த ஊரில் காற்றில் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். இருபதாவது கிலோமீட்டரில் என் ஷூவுக்குள் வியர்வை இறங்கித் தேங்கிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் சேற்று வயலில் நடப்பதுபோல் சளப் சளப் என்று சத்தம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குள் முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் என் நண்பன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு தொடைகளும் இழுத்துக்கொண்டன. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி, குடிக்காதே, முதலில் தலையில் ஊற்றிக்கொள்" என்று ஐஸ் கட்டிகளைத் தொப்பிக்குள் போட்டு அவன் தலையில் கவிழ்த்தார். பத்து நிமிடத்தில் எழுந்தான். அந்த ஐஸை நான் இன்றும் மறக்கவில்லை.

அதனால் சிங்கப்பூர் போகிறவர்கள் வேலூரில் ஓடும் நேரத்தோடு 25 நிமிடமாவது கூட்டி இலக்கு வையுங்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போகாமல் உப்புச் சத்தும் சேருங்கள்.

மறைவான செலவு விடுதியில் இருக்கிறது. அங்கே நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய பள்ளி விடுமுறை, வாடகை ஏறிவிடும். விசாவுக்கு 30 சிங்கப்பூர் டாலர். மறுத்தாலும் திரும்ப வராது. முகவரின் கட்டணம் தனி. எங்கள் நோட்டுக் கணக்குப்படி ஐந்து நாளுக்கு ஒருவருக்கு 85 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை ஆகும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், ஓடாத மனைவியோ கணவரோ கூட வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பினாங்கு

தீவையும் மலேசியப் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. ஆண்டில் ஓர் இரவு அதில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஓட விடுகிறார்கள். நடுக்கடலில், இருபுறமும் இருட்டு, முன்னால் விளக்கு வரிசை, காலடிச் சத்தம் மட்டும். கைதட்ட ஆள் கிடையாது. கூட்டத்தின் உற்சாகத்தை நம்பி ஓடுகிறவருக்கு இருபத்தைந்தாவது கிலோமீட்டருக்கு மேல் மனம் சோர்ந்துவிடும். நண்பனோடு பேசிக்கொண்டே ஓடுகிறவருக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. சேர்ந்து ஓட விரும்பும் குழுவுக்கு இதை நான் முதலில் சொல்வதற்கு அதுவே காரணம்.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது; அதற்குப் பிறகு போகிறவர்கள் அது மேலும் நீண்டதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அவ்வளவே. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. முழு, அரை, 10 கிலோமீட்டர் மூன்றும் உண்டு. செலவு எங்கள் கணக்கில் ஒருவருக்கு 55 முதல் 70 ஆயிரம்.

தொந்தரவுகளும் உண்டு. போட்டித் தேதி ஆண்டுக்கு ஆண்டு நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே நகரும்; அறிவிப்பு வருமுன் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். தொடக்க இடம் குயின்ஸ்பே பக்கம். இட்லி, தோசை கிடைக்கும் லிட்டில் இந்தியாவோ ஜார்ஜ் டவுனில், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஜார்ஜ் டவுனில் தங்கினால் நள்ளிரவில் சாலைகளை அடைத்த பிறகு டாக்சிக்கு அலைய வேண்டும். ஆகவே பந்தய இரவுக்கு மட்டும் தொடக்க இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். மறுநாள் ஜார்ஜ் டவுனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல் நம்மவர்கள் யாரும் திரும்ப மாட்டார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ரத்தினகிரி ஏறிய பழக்கத்தில் முந்தைய நாளே ஏறிவிடாதீர்கள். பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஏறி நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

டோக்கியோ

உலகின் பெரிய மாரத்தான் வரிசையில் ஒன்று, 2007 முதல் இப்போதைய வடிவில் நடக்கிறது. ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் முன் தொடங்கி டோக்கியோ ரயில் நிலையத்தருகே முடிகிறது. தட்டையான பாதை, குளிர்ந்த காற்று. தன் வேகத்தின் எல்லையைப் பார்க்க விரும்புகிற வேலூர்க்காரருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: இங்கே மார்கழியில் பயிற்சி, அங்கே பத்து டிகிரியில் பந்தயம், உடம்புக்கு நேரமும் மாறவில்லை.

ஆனால் நண்பர்கள் குழு என்று வந்தால் இதுதான் கடைசி. இடத்துக்குக் குலுக்கல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. விண்ணப்பிப்பவர்கள் இடங்களைப்போல் பல மடங்கு. ஒருவருக்கு வாய்ப்பு பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் ஒரே ஆண்டில் கிடைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. பெரும்பாலும் யாருக்குமே கிடைக்காது; இல்லையென்றால் ஒருவருக்குக் கிடைத்து மூவருக்குக் கிடைக்காமல் போகும். அறக்கொடை வழியில் போகலாம் என்றால் ஒருவருக்கு ஒரு லட்சம் யென்னும் அதற்கு மேலும் நன்கொடை, பதிவுக் கட்டணம் தனி.

கால வரம்பு 7 மணி நேரம். சாருக்கு 40 நிமிடம் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கடிகாரம் துப்பாக்கிச் சத்தத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். கடைசிப் பிரிவில் நிற்பவர் தொடக்கக் கோட்டை மிதிப்பதற்குள் கணிசமான நேரம் போயிருக்கும். வழிநெடுக இடையிடையே கதவடைப்பு வைத்திருக்கிறார்கள். நேரம் தவறினால் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

சைவர்கள் கவனிக்க: அங்கே குழம்பிலும் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும், பார்த்தால் தெரியாது. கையில் சத்துமாவும் அவலும் இருக்கட்டும். தொடக்க இடத்தில் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். வீசிவிட்டு ஓடக்கூடிய பழைய ஸ்வெட்டர் ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். நேரடி விமானம் பெங்களூரிலிருந்து. செலவு 1.7 லட்சத்திலிருந்து 2.2 லட்சம்.

தனியாகவோ தம்பதியாகவோ ஆண்டுதோறும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். குழுவின் முதல் பயணமாக இதை வைக்காதீர்கள்.

பெர்லின்

1974-இல் தொடங்கியது. உலகச் சாதனைகள் பல பிறந்த தட்டையான பாதை. 2022-இல் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடியது இங்கேதான். பிராண்டன்பர்க் வாயிலைக் கடந்து கடைசிச் சில நூறு மீட்டர் ஓடுவதை, ஓடிய எவரும் கண் கலங்காமல் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கும் குலுக்கல்தான். ஆனால் நண்பர்களுக்கு ஒரு பெரிய சலுகை: இருவரோ மூவரோ ஒரே அணியாக விண்ணப்பிக்கலாம். விழுந்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. மனக்கசப்புக்கே இடமில்லாத ஏற்பாடு. அதுவும் மூவர் வரை மட்டுமே. நால்வர் என்றால் இரண்டிரண்டாகப் பிரிய வேண்டும். ஒரு ஜோடிக்கு விழுந்து மற்றதற்கு விழாமல் போகலாம். முடிவு முந்தைய ஆண்டின் இறுதிக்குள் தெரிந்துவிடுவதால் பணம் சேர்க்க அவகாசம் இருக்கிறது.

கால வரம்பு 6 மணி 15 நிமிடம். சாரின் நேரம் அதைவிட ஐந்து நிமிடம் கூடுதல். குளிரில் வேகம் கூடும் என்று நம்பிப் போகலாம். ஆனால் 2025-இல் பந்தய நாளன்று அங்கே வெயில் 25 டிகிரியைத் தாண்டியது. சாரை ஜெர்மனி வரை அழைத்துப் போய் அந்த ஐந்து நிமிடத்தின் மேல் நிறுத்துவதை நான் விரும்பமாட்டேன்.

பதிவுக் கட்டணமே 200 யூரோவைச் சுற்றி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கைரேகை பதிக்க ஒவ்வொருவரும் சென்னைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போக வேண்டும். கோடையில் அந்த மையங்களில் கூட்டம் அதிகம், தேதி கிடைப்பதே சிரமம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 2 முதல் 2.5 லட்சம் ஆகும். ஆசிரியர்களுக்கு ஒரு வசதி: காலாண்டு விடுமுறையும் இதே நாட்களை ஒட்டி வரும்.

மூவர், மூவரும் ஐந்தரை மணிக்குள் முடிப்பவர்கள், ஜூன் வெயிலில் பயிற்சி செய்யும் உறுதி உள்ளவர்கள் என்றால் யோசிக்காமல் பெர்லின்.

எந்த ஊரானாலும் சேரும் செலவுகள்

வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. முகவர்களிடம் பேக்கேஜ் வாங்கினால் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். வருமான வரித் தாக்கலில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது. பயணக் காப்பீட்டில் போட்டி ஓட்டத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். என் நண்பர் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தபோது ஒரு நிறுவனம் அந்த வரியைக் காட்டித்தான் கையை விரித்தது.

பணத்துக்கு, நால்வரும் தங்களுக்குள் மாதாமாதம் ஒரு தொகையைப் பொதுக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது. ஆளுக்கு மாதம் ஐயாயிரம் என்றால் பினாங்குக்கு ஓராண்டு, சிங்கப்பூருக்கு ஒன்றரை ஆண்டு, பெர்லினுக்கு மூன்றரை ஆண்டு. ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர்கள் போவதா, பணம் எப்படித் திரும்பும் என்பதை முதல் தவணைக்கு முன்பே பேசி நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த நால்வருக்கு

பாய்க்கு நோன்பு, ஆசிரியருக்குப் பொதுத்தேர்வு என்று டோக்கியோ விலகிவிட்டது. சாரின் ஐந்து நிமிடத்தில் பெர்லின் போய்விட்டது. மீதி இரண்டில், நால்வரும் குடும்பம் இல்லாமல் போவதாகச் சொன்னதால் பினாங்கு. அரையாண்டுத் தேர்வோடு மோதினால் மட்டும் சிங்கப்பூருக்கு மாறுங்கள். டிசம்பர் முதல் வாரம் ஆசிரியருக்கு இன்னும் தோது.

முதல் இருபது கிலோமீட்டர் நால்வரும் சாரின் வேகத்தில் போங்கள், அதன் பிறகு அவரவர் வேகம் என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா, தான் கடைசி வரை சாரோடுதான் வருவேன் என்றார். சார் அப்போதுதான் நிமிர்ந்தார். "பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சில் முடிகிறது. பயண நாளில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டுமாமே, நாளைக்கே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுகிறேன்" என்றார்.